ஒரு சட்டை, இரண்டு சாரணர்கள்

தங்கதுரையிடம் மொத்தம் மூன்று கதைகள் இருந்தன. இரண்டு ரயிலில் நடந்தவை. அவற்றை யாரும் கடைசிவரை கேட்டதில்லை. மூன்றாவதைக் கேட்காமல் தப்பித்தவர்கள் தூத்துக்குடியில் குறைவு. அவர் சரக்கு ரயில் கார்டு. துறைமுகத்தில் நிலக்கரியும் உரமும் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போகிற வேலை. பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. அதனால் வண்டியை விட்டு இறங்கியதும் கையில் அகப்பட்டவரை அவர் லேசில் விடமாட்டார்.

அந்த மூன்றாவது கதை இதுதான். பத்தாம் வகுப்பில் சாரணர் படையில் இருந்தபோது, கடலுக்குப் போகிற வீட்டுப் பையன் ஒருவனைக் கயிற்று முடிச்சுப் போட்டியில் தங்கதுரை ஜெயித்தார். ஜெயித்ததால் சோதனை முகாமுக்குப் போனார். அங்கே ஆளுநர் விருது, பிறகு குடியரசுத் தலைவர் விருது, அதைக் காட்டி ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலை. "நான் திங்குத சோறு அந்த ஒத்த முடிச்சுல இருக்கு பாத்துக்கிடுங்க" என்று முடிப்பார். அவர் மனைவி சண்முகப்ரியா பக்கத்தில் இருந்தால், அந்தக் கடைசி வரிக்கு மட்டும் சத்தமில்லாமல் வாயசைப்பார்.

தோற்ற பையன் எங்கேயோ காணாமல் போனவன் அல்ல. திரேஸ்புரத்து இனிகோ. இன்றுவரை நண்பர். கல்யாண வீடுகளில் இனிகோவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே தங்கதுரை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். இனிகோ சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

போன ஆடி மாதம் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ரேச்சல் டீச்சர் போன் செய்தார். இப்போது சாரணர் படையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். பிள்ளைகளுக்குப் புதுச் சீருடை கொடுக்கிற விழா, தங்கதுரைதான் சிறப்பு விருந்தினர். "அந்த முடிச்சுக் கதையை நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லணும் சார்" என்றார். தங்கதுரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் கொடிக்கயிறு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியில் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். ஆளுக்கு இரண்டு செட் சீருடையாம். அதை நினைக்க நினைக்க அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஏனென்றால் அவரும் இனிகோவும் ஒரே சீருடையில் சாரணர்களாக இருந்தவர்கள்.

சாம்பல் நிறச் சட்டை, கருநீல அரைக்கால் சட்டை, தொப்பி, முழங்கால் வரைக்கும் காலுறை, கழுத்தில் ஸ்கார்ஃப், அதைப் பிடித்து நிறுத்த ஒரு வளையம், தோளில் விசில் கயிறு. இவ்வளவும் இருந்தால்தான் சாரணன். தங்கதுரைக்கு அப்பா இல்லை. அம்மாவும் அவனும் ஏரலிலிருந்து வந்து மாமா வீட்டில் ஒண்டியிருந்தார்கள். இனிகோ வீட்டில் மீன் பட்டால் பண்டிகை, படாவிட்டால் கஞ்சி. இரண்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு செட் எடுத்துக் கொடுத்தார்கள். தையல்காரர் யாருக்கு அளவெடுப்பது என்று கேட்டார். இரண்டு பேருக்கும் எடுங்கள், நடுவாகத் தையுங்கள் என்றார்கள். நடுவாகத்தான் தைத்தார். தங்கதுரை போட்டால் தோளில் ஆடியது, இனிகோ போட்டால் மூச்சு முட்டியது.

செவ்வாய்க்கிழமை அணிவகுப்புக்குத் தங்கதுரை, வெள்ளிக்கிழமைக்கு இனிகோ. மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் கொடுக்கப் போனால் காலையில் ஒருவன், சாயங்காலம் ஒருவன். ஆதிச்சநல்லூருக்கு நடைப்பயணம் போனபோது போகும்போது தங்கதுரை போட்டுக்கொண்டான். அங்கே மூன்று கல் கூட்டி, பாதி வெந்த சோற்றைச் சுட்ட கருவாட்டோடு தின்றுவிட்டு, திரும்பும்போது பனைமரத்துக்குப் பின்னால் மாற்றி இனிகோ போட்டுக்கொண்டான். படை எடுத்துக்கொண்ட எந்தப் போட்டோவிலும் இரண்டு பேரும் சேர்ந்து இல்லை.

ஒரு தடவை மாவட்டத்திலிருந்து அதிகாரி திடீரென்று பார்வையிட வந்துவிட்டார். தங்கதுரை கழுகு அணி, இனிகோ புலி அணி. கழுகு அணியைப் பார்த்து முடித்து அதிகாரி தண்ணீர் குடிக்கிற நேரத்துக்குள், சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் சட்டை, டவுசர், காலுறை எல்லாம் கை மாறியது. அதிகாரி புலி அணிக்கு வந்து இனிகோ முன்னால் நின்றார். "இப்பத்தானே வந்து நின்னீங்க, சட்டை அதுக்குள்ள ஏன்டா இப்படி வேர்த்துக் கிடக்கு?" என்று கேட்டார். "பயம் சார்" என்றான் இனிகோ. அதிகாரிக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போய் முதுகில் தட்டிக் கொடுத்தார். சாரண ஆசிரியர் அய்யாக்குட்டி சார் அந்தப் பக்கம் திரும்பி நின்று இருமினார்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆளுநர் விருதுக்கான சோதனை முகாம் வந்தது. மதுரைப் பக்கம், ஐந்து நாள். ஐந்து நாளும் முழுச் சீருடை. படையிலிருந்து தேர்வான எட்டுப் பேரில் இவர்கள் இருவரும் உண்டு. கடிதம் வந்து சேர்ந்ததோ தீபாவளி நெருக்கத்தில். இன்னொரு செட் தைத்துத் தரச் சொன்னால் ஊரில் எந்தத் தையல்காரரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரவல் வாங்கலாம் என்றால், இவர்கள் அளவுக்குச் சீருடை வைத்திருந்தவர்களும் முகாமுக்குப் போகிறவர்கள். அய்யாக்குட்டி சார் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்கலே" என்றார்.

தங்கதுரைக்கு அந்த முகாம் உயிர். மாமாவின் பலசரக்குக் கடையில் மூட்டை தூக்க ஏற்கெனவே நாள் குறித்திருந்தார்கள். விருது ஏதாவது வாங்கினால் மேலே படிக்கட்டும், இல்லாவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாள் கடை என்பது மாமாவின் தீர்ப்பு. இது இனிகோவுக்கும் தெரியும். பேசிப் பேசிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் இனிகோதான், "முடிச்சுப் போட்டுப் பாப்போம், சட்டுனு போடுதவன் முகாமுக்குப் போவட்டும்" என்றான்.

போலைன் முடிச்சு. இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற வளையம். எவ்வளவு இழுத்தாலும் இறுகக் கூடாது, அவிழவும் கூடாது. அய்யாக்குட்டி சார் விசில் ஊதினார். தங்கதுரைக்குக் கயிற்று முனை எங்கே நுழைய வேண்டும் என்பதே ஒரு கணம் மறந்துபோனது. எப்படியோ போட்டு முடித்தான். சார் இரண்டு கயிற்றையும் பிடித்து இழுத்தார். தங்கதுரையின் முடிச்சு நின்றது. இனிகோவுடையது உருவிக்கொண்டு வந்துவிட்டது.

அதைத்தான் தங்கதுரை முப்பத்தேழு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் இனிகோவை அழைக்கத் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனார். வெயில் ஏறிய நேரம். இனிகோவின் வள்ளம் அப்போதுதான் கரை சேர்ந்தது. அவர் காதில் போன். மகளிடம் பேசிக்கொண்டிருந்தார், ஏதோ காஸ் சிலிண்டர் விஷயம். பேசிக்கொண்டே இறங்கி, வலது கையால் கயிற்றை எடுத்துக் கரையில் நட்டிருந்த கட்டையைச் சுற்றினார். குனியவில்லை, கையைப் பார்க்கவும் இல்லை. விரல்கள் ஒரு தடவை புரண்டன. கட்டையில் போலைன் முடிச்சு உட்கார்ந்திருந்தது. ஒற்றைக் கையில்.

தங்கதுரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தக் கரைக்கு எத்தனை தடவை மீன் வாங்க வந்திருப்பார். பார்த்திருக்க வேண்டியதுதான். ஜெயித்த மனுஷனுக்கு இதையெல்லாம் பார்க்க எங்கே நேரம்?

போனை வைத்துவிட்டு இனிகோ, "என்னலே, வெயில்ல நிக்க? மீன் வேணுமா?" என்றார்.

"ஏலே, அன்னைக்கு அய்யாக்குட்டி சார் முன்னால நீ தோத்தது நெசமாவே தோத்ததா?"

இனிகோ கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "இப்பத்தான் கேக்கத் தோணிச்சாக்கும்."

"சொல்லுலே."

"நான் ஒனக்கு முன்னாலயே போட்டுட்டேன். நிமுந்து பாத்தா நீ கயித்த வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு நிக்க. ஒனக்கு ஒதடு நடுங்குது. முனைய உருவி வெளிய விட்டுட்டேன். அவ்வளவுதான்."

"ஏம்லே அப்படிச் செஞ்ச?"

"எனக்கு எங்கப்பா வள்ளம் இருந்துச்சி. ஒனக்கு ஒங்க மாமா கடதான இருந்துச்சி."

தங்கதுரை ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "அப்ப ஒனக்குப் போவணும்னு ஆசையில்லையா?" என்று கேட்டார்.

"இல்லாமலா. நீங்க ரயிலேறுன அன்னைக்கு ஸ்டேசனுக்கு நான் வரல, கவனிச்சியா? வீட்டுல குப்புறப் படுத்துக் கெடந்து அழுதேன். அந்தச் சட்டையில பாதி எனக்குந்தானலே." இதைச் சொல்லும்போது இனிகோவின் முகத்தில் கோபம் இல்லை. "பெறவு நீ ஊரு பூராக் கதை சொல்ல ஆரம்பிச்ச. ஒரு பத்து வருசம், என்னைக்காவது இவனுக்கே தோணும், வந்து கேப்பான்னு நெனச்சேன். அப்புறம் விட்டுட்டேன்."

விழாவுக்கு வாரேன், ஆனால் மேடையில் ஏற்றாதே என்று சொல்லி, ஒரு கவரில் நாலு நெத்திலியையும் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு நாளும் தங்கதுரை சரியாகச் சாப்பிடவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன? இனிகோவே விட்டுவிட்ட விஷயம். பள்ளிக்கூடம் கூப்பிடுவதே அந்தக் கதைக்காக. அது இல்லாவிட்டால் தன்னிடம் பிள்ளைகளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? நிலக்கரி வண்டியின் கடைசிப் பெட்டியா? மானம் போகும் என்ற பயம் ஒரு பக்கம் பிடுங்கியது. குப்புறப் படுத்து அழுத பதினைந்து வயதுப் பையன் இன்னொரு பக்கம் பிடுங்கினான். அந்தப் பையனோடு சேர்ந்து சுட்ட கருவாட்டின் மணம், சைக்கிள் கொட்டகையில் ஒற்றைக்காலில் குதித்துக் காலுறை மாற்றிய அவசரம் எல்லாம் வந்து நெஞ்சை அறுத்தன. அந்த நாட்களை இத்தனை வருடம் எவ்வளவு ஆசையாக நினைத்துக்கொண்டிருந்தார். இனிகோவும் அதே நாட்களில்தான் இருந்தான் என்பது மட்டும் நினைவில் வராமல் போயிருந்தது.

விழா அன்று பிள்ளைகள் புதுச் சீருடையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது முழுக்கால் பேண்ட். இனிகோ வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கடைசி வரிசையில் இருந்தார். "கடலோடி மகனையே முடிச்சில் வென்றவர்" என்று சொல்லி ரேச்சல் டீச்சர் மைக்கைக் கொடுத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

தங்கதுரை வழக்கமாகச் சொல்கிறபடியே ஆரம்பித்தார். ஒரு சட்டை, இரண்டு பேர், வேர்த்த கதை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விசில் ஊதியது வரை வந்துவிட்டார். அங்கே நின்றுபோனார். கடைசி வரிசையில் இனிகோ, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"ஜெயிச்சது நான் இல்ல பிள்ளைகளா" என்றார் தங்கதுரை. "அதை நானே முந்தாநாள்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஜெயிச்சவன் அந்தா பின்னால உக்காந்திருக்கான். அவன் போட்ட முடிச்ச எனக்காக அவனே அவுத்து விட்டான். எனக்கு வேலை கெடச்சுது. முப்பத்தேழு வருசமா அவன் முன்னாலயே நான் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு நாளும் அவன் இல்லன்னு சொல்லல." மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டார்.

ஒருவரும் கை தட்டவில்லை. பிள்ளைகள் மொத்தமாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். ரேச்சல் டீச்சர் இறங்கிப்போய் இனிகோவை மேடைக்கு அழைத்து வந்தார். வரும் வழியெல்லாம் அவர், "எதுக்கு டீச்சர், எதுக்கு டீச்சர்" என்று கூச்சத்தோடு சொல்லிக்கொண்டே வந்தார்.

தங்கதுரை கண்ணீரோடு அவருக்குக் கை நீட்டினார். இனிகோவும் நீட்டினார். இரண்டு கைகளும் சேரவில்லை. சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். படையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அது. தங்கதுரை நீட்டியிருந்தது வலது கை.

"ஏலே, எடது கைலே" என்றார் இனிகோ மெதுவாக.