நீதிபதி அம்மாவுக்காக நான் விட்ட இரண்டு மாத்திரைகள்

"கோர்ட்டுல நின்னு பேசிக்கிட்டு இருக்கப்ப விழுந்துட்டன்னு வையி, ஜட்ஜு கேஸத் தள்ளி வைப்பாரா, உன்னயத் தள்ளி வைப்பாரா?"

சட்டக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த அன்று என் தாய்மாமா கேட்ட கேள்வி இது. மாமா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சிரித்துக்கொண்டே கேட்பார். அன்றும் அவரே முதலில் சிரித்தார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இதே நோய் இருந்தால், அந்த ஒன்பது ஆண்டுகள் எங்கே போயின என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

முதல் அறிகுறி ஒரு வாசனை. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் அம்மா வேலை செய்தார். பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒரு நாள் பஞ்சு கருகும் வாசனை வந்தது. "எங்கம்மா கருகுது?" என்று கேட்டேன். "ஒண்ணும் கருகலையேட்டி" என்றார் அம்மா. என் இடது கைக் கட்டைவிரல் தானாகத் துடித்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, நெய்த துணி மூட்டை ஒன்றின் மேல் நான் கிடந்ததும், சுற்றிலும் தறிகள் நின்றுபோய் இருந்ததும்தான். அந்தக் கூடத்தில் பகலில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மதுரைப் பெரிய மருத்துவமனையில் இ.இ.ஜி. (தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தை வரைந்து பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். மூளையில் கட்டி இல்லை, புழு இல்லை, பழைய அடி எதுவும் இல்லை. காரணம் தெரியவில்லை என்றார் மருத்துவர். அந்த வாசனைக்கு மட்டும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஆரா (வலிப்பு வருவதற்குச் சில நொடிகள் முன்னால் நோயாளி மட்டும் உணரும் அறிகுறி). காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்.

அப்பா அம்மா இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் என் மருந்துச் சீட்டை நானே அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் இருந்த நோயின் பெயரையும் வாசித்தேன். அம்மா கேட்டுக்கொண்டார். பேருந்து ராஜபாளையத்துக்குள் நுழையும்போது சொன்னார்: "யாரு கேட்டாலும் மயக்கம்னு சொல்லு. ரத்தம் பத்தலயாம்னு சொல்லு."

அன்று முதல் எங்கள் வீட்டில் அது மயக்கம் ஆனது. தேவதானத்தில் நாற்று நடப் போகும் அத்தைமார்கள் எனக்காக முருங்கைக்கீரை பறித்து அனுப்பினார்கள். தறிக்கூடத்தில் ஒருவர் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். மாத்திரையை மட்டும் தகரப் பெட்டிக்குள், புத்தகங்களுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு எங்கள் பள்ளி விழாவுக்கு நீதிபதி அம்மா வந்தார். அவர் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். எங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டில் கடலை பறித்த வீட்டில் பிறந்து உயர் நீதிமன்றம் வரை போனவர். ஆனால் எங்கள் ஊர்களில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. நீதிபதி அம்மா என்றால் அவர் ஒருவர்தான்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய பைக்குள் அலாரம் அடித்தது. பேச்சை நிறுத்தினார். ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தனக்கு வலிப்பு நோய் இருப்பதாகவும், வேளை தவறாமல் மாத்திரை போடுவதாகவும், சட்டம் படித்ததும் தீர்ப்பு எழுதியதும் இந்த மாத்திரையோடுதான் என்றும் சொன்னார். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும்.

நான் மூன்றாவது வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டவில்லை. அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கவில்லை.

வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். படித்தேன். முடித்துப் பதிவு செய்து, கறுப்பு அங்கி போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகள் வலிப்பு வரவில்லை. இன்னும் ஆறு மாதம் இப்படியே போனால் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் அலுவலகத்தில் யாருக்கும் என் நோய் தெரியாது. நீதிபதி அம்மா மேடையில் செய்த ஒரு நிமிட வேலையை மட்டும் நான் செய்யவே இல்லை.

அவர் இறந்த செய்தி ஒரு மாலையில் வந்தது. நான் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைகிறேன், அம்மா தொலைக்காட்சி முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். "உங்க ஜட்ஜம்மா போயிட்டாவளாம்" என்றார். சென்னையில் மறுநாள் மாலை உடலை எடுக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள்.

அம்மா அடுப்பை அணைத்தார். எங்கள் பக்கம் வீட்டில் சாவு விழுந்தால் உடலை எடுக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. நெருங்கிய சொந்தங்கள் சாப்பிடுவதும் இல்லை. பாதி வெந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தார். "நமக்குச் சொந்தம்னா அவியதான்" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. எழுத்து தெரியாத என் அம்மா, உயர் நீதிமன்ற நீதிபதிக்குத் துக்கம் காக்கிறார்.

நானும் சாப்பிடவில்லை. மாத்திரை சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டியது. சாப்பாடு இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. இரவு ஒன்று, காலை ஒன்று. கையில் எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தேன். மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மறுநாள் காலை நீதிமன்ற வளாகத்தில் இரங்கல் கூட்டம். வழக்கறிஞர்கள் எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தோம். முதல் நிமிடத்தில் பஞ்சு கருகியது. கட்டைவிரல் துடித்தது. உட்கார வேண்டும் என்று தெரிந்தது. அவருக்கான மௌனத்தில் நான் மட்டும் எப்படி உட்காருவது என்று நினைத்தேன்.

அதற்குப் பிந்திய நான்கு நிமிடங்கள் என்னிடம் இல்லை. அவை அங்கே நின்றவர்களிடம் இருக்கின்றன. கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். எங்கள் குமாஸ்தா மாரியப்பன் அண்ணன் ஓடிவந்து அலுவலகச் சாவிக்கொத்தை என் கையில் திணித்திருக்கிறார். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று நம்புகிறவர் அவர். பின்னால் அவரே சொன்னார்: "சாவி உங்க கையோட ஆம்புலன்ஸ்ல ஏறிருச்சு. பீரோவத் தொறக்க முடியல. கேஸ் கட்டு இல்லாம ரெண்டு கேஸுக்கு வாய்தா வாங்கினோம். கேஸ இழுத்தடிக்கிற எதிர்த்தரப்புக்காரன் உங்களுக்குக் கும்புடு போட்டுட்டுப் போனான்."

சிரித்துவிட்டு அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். சாவி வேண்டாம். இரும்பு எதையும் நிறுத்தாது. ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை.

அரசு மருத்துவமனையில் கண் விழித்தபோது நாக்கின் ஓரம் கடிபட்டு வீங்கியிருந்தது. உடம்பு முழுக்க மூட்டை தூக்கியது போல வலி. கட்டிலைச் சுற்றிச் சீனியர், அலுவலகத்துப் பெண்கள் இருவர், பேருந்தில் ஓடிவந்த அம்மா. பணியில் இருந்த பெண் மருத்துவர் அம்மாவிடம் கேட்டார்: "இதுக்கு முன்னால வந்திருக்கா?"

"மயக்கம் வரும் டாக்டரம்மா. ரத்தம் பத்தாது. நேத்துல இருந்து சாப்பிடல" என்றார் அம்மா.

"வெறும் மயக்கமா?"

அம்மா முந்தானையால் என் வாயோரத்தைத் துடைத்தார். சீனியர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் பார்த்தேன். மயக்கம் என்றே விட்டிருந்தால் மறுநாளே அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். ஒரு குளுக்கோஸ் பாட்டிலோடு முடிந்திருக்கும். என் தொழில் அப்படியே இருந்திருக்கும், இன்னொரு முறை விழும் வரைக்கும்.

"வலிப்பு" என்றேன். நாக்குத் தடித்திருந்ததால் சரியாக வரவில்லை. மறுபடி சொன்னேன். "வலிப்பு நோய். ஒம்பது வருசமா மாத்திரை போடுறேன். ரெண்டு வேளை போடல."

"ஏன் போடல?"

சொன்னேன். "அந்தம்மா மேடையிலேயே மாத்திரை போட்டவங்க. அவங்களுக்காகவா நீங்க மாத்திரைய விட்டீங்க?" என்றார் மருத்துவர். பிறகு குரலைத் தணித்து, "சாப்பாடு உங்க வயித்துக்கு. மாத்திரை மூளைக்கு. இந்த மாத்திரைய வெறும் வயித்துல போட்டாலும் ஒண்ணும் ஆகாது. போடாமத்தான் இருக்கக் கூடாது" என்றார். விரதம், நோன்பு, துக்கம் எதுவானாலும் உங்கள் மாத்திரைக்கு என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்பது ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. படித்தவள் என்ற பெருமையில் சீட்டில் இருந்ததை அப்படியே வாசித்தேன், அவ்வளவுதான்.

மாலையில் அம்மா தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். சென்னையில் ஊர்வலம் கிளம்பியிருந்தது. பூ மூடிய வண்டி, பின்னால் கறுப்பு அங்கிகள். நான் அப்போதுதான் அழுதேன். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் அம்மா கைபேசியை அணைத்தார். "எடுத்துட்டாவ. இனி சாப்பிடு" என்று கடையில் வாங்கிய இட்லியைப் பிய்த்தார். எனக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு வாய் சாப்பிட்டார். அவரும் முந்தின நாளிலிருந்து பட்டினி என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மாமா அடுத்த நாள் வந்தார். "இனி ஊருக்கே தெரிஞ்சு போச்சேம்மா. பொறவு கல்யாணம் காட்சின்னு பேச வேண்டாமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"தெரியட்டும்ணே. எம்மவளுக்கு வலிப்பு வரும். வக்கீலாவும் இருக்கா. ரெண்டும் தெரிஞ்சவன் வரட்டும்" என்றார் அம்மா. அந்தச் சொல்லை அம்மா வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. தறி ஓடும் இடத்தில் பேசிப் பழகிய குரல். தெருவுக்கே கேட்டிருக்கும்.

சீனியர் என்னை ஆறு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துவிட்டார். பத்தாவது நாள் மருத்துவரின் கடிதத்தோடு போய் நின்றேன். வாகனம் ஓட்டக் கூடாது, கிணற்றடியில் தனியாக நிற்கக் கூடாது என்று அதில் இருந்தது. வழக்காடக் கூடாது என்று இல்லை. "இதுல எந்த வரி சார் என்னைய வீட்ல இருக்கச் சொல்லுது?" என்று கேட்டேன். கடிதத்தை இரண்டு முறை படித்தார். "குறுக்கு விசாரணை நல்லாத்தான் பண்ணுவ போலிருக்கு" என்றார்.

ஆனால் உடனே எதையும் தரவில்லை. ஐந்து மாதம் வாய்தா வாங்கும் வேலை மட்டும்தான். நான் முகம் சுளிக்கவில்லை. காலை எட்டு, இரவு எட்டு என்று கைபேசியில் அலாரம் வைத்தேன். அது அடிக்கும்போது எந்த இடமானாலும் மாத்திரையை வெளியே எடுத்துப் போட்டேன். வலிப்பு இல்லாத நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

இந்த உடம்பை இப்போது வேறு மாதிரி அறிகிறேன். முன்பெல்லாம் அது என்னைக் காட்டிக்கொடுக்கக் காத்திருக்கும் ஆள் என்று நினைப்பேன். இப்போது கட்டைவிரல் சும்மா துடித்தாலும் "என்ன?" என்று கேட்டு, உட்கார்ந்து, மூச்சு விட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றுமில்லை. நேரத்தைப் பற்றிய என் கணக்கும் மாறிவிட்டது. எனக்கு இல்லாமல் போகும் நிமிடங்கள் இருக்கின்றன. அவற்றை யாராவது பார்த்து வைத்துக்கொள்வார்கள். மீதி எல்லா நிமிடங்களும் என்னுடையவை.

போன வாரம் சீனியர் ஒரு வழக்குக் கட்டை என் மேசையில் வைத்தார். மகாராஜபுரத்துப் பெண் ஒருவரின் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்துக்காரர் அடைத்த வழக்கு. வழக்கை என் பெயருக்கு மாற்றுவதில் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இனி அந்த வழக்குக்கு நான் மட்டும்தான் வக்கீல்.

அந்த அக்கா என் எதிரே உட்கார்ந்து, என்னை வக்கீலாக வைக்கக் கையெழுத்துப் போட வேண்டிய வக்காலத்துத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "தப்பா நெனைக்காதம்மா. உனக்கு வலிப்பு வருமாமே?"

"வரும்க்கா. வந்தா ஒரு நாலு நிமிசம். உங்க கேஸு நாலு வருசமால்ல கெடக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பேனாவக் குடு" என்றார்.

அன்று மதியமே வக்காலத்தைத் தாக்கல் செய்தேன். வியாழக்கிழமை எதிர்த்தரப்புச் சாட்சி கூண்டில் ஏறுகிறார். அவரிடம் கேட்க வேண்டிய முப்பத்தொரு கேள்விகளையும் எழுதி முடித்துவிட்டேன்.