கரையில் நின்று நான் கெடுத்த கால்

மிதவைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கால் அடித்தால் யாரும் முன்னால்தான் போவார்கள். நான் பின்னால் போனேன். முழு மூச்சோடு அடித்தேன், நுரை பறந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால், நீச்சல் குளத்தில் நான் தொடக் கிளம்பிய எதிர்ச்சுவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர், "சார் ரிவர்ஸ் கியர்ல வராரு, வழி வுடுங்கப்பா" என்றார். முப்பத்து நான்கு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். வினைக்கு எதிர்வினை உண்டென்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அது எழுபத்தொரு வயதில் என் காலிலேயே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

சிரித்துவிட்டுப் போகவேண்டிய விஷயம்தான். ஆனால் அதற்குச் சில மாதம் முன்பு இதே கால் அடியை என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து, அவளைத் தண்ணீரை விட்டே விரட்டியிருந்தேன். அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

அவளுக்கு மூட்டுத் தேய்மானம். நீந்தினால் நல்லது என்றார் மருத்துவர். திருவண்ணாமலைக்கு வெளியே இருக்கும் இந்தக் குளத்தில் காலை ஆறு முதல் ஏழு வரை குடும்பங்களுக்கான நேரம். இருவரும் சேர்ந்தோம். அவள் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சிறுவயதில் வயல் கிணற்றில் நீந்தியவள், கல்யாணத்துக்குப் பிறகு தண்ணீரில் இறங்கியதே இல்லை. கையையும் மூச்சையும் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். கால் அடி மட்டும் அவள் கிணற்றிலிருந்து கொண்டுவந்தது. முதல் வாரத்தில் எட்டு நீளம், அடுத்த வாரத்தில் இருபது நீளம் நிற்காமல் போனாள். இருபத்தைந்து மீட்டர் குளம். நாற்பது நீளம் போனால் ஒரு கிலோமீட்டர்.

"ஒரு கிலோமீட்டர் போயிட்டேன்னா, அடுத்த பௌர்ணமிக்கு கிரிவலம் நடந்தே வருவேன் பாருங்க" என்றாள். மூட்டு வலியால் அவள் மலை சுற்றுவது நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது.

நான் இரண்டு நீளத்துக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. கைபேசியில் நீச்சல் போட்டிகளைத் தேடிப் பார்த்தேன். ஐம்பது மீட்டர் பந்தயக்காரர்களின் கால்கள் மோட்டார் போல நுரை கிளப்பின. என் மனைவியின் கால்களில் சத்தமே கிடையாது. குதிகால் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கும். ஒரு கை வீச்சுக்குக் காலால் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். குறையைக் கண்டுபிடித்துவிட்டேன்! மறுநாளே குளத்தை விட்டு வெளியேறிக் கரையில் நின்றுகொண்டேன்.

"உன் கால் தூங்குது. எழுப்பு அதை."

"எனக்கு இதுதாங்க சௌகரியமா இருக்குது."

"சௌகரியமா? தள்ளுவிசைன்னா என்னான்னு தெரியுமா உனக்கு?" என்று நாலு பேர் கேட்கும்படி கேட்டேன்.

அவள் நீச்சல் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். சொன்னபடி செய்தாள். மூன்று வாரம் நான் கரையோரமாக நடந்தபடி கைதட்டி, "அடி! அடி! அடி!" என்று கத்தினேன். இருபது நீளம் பத்தானது, பத்து நான்கானது. ஒருநாள் நடுக்குளத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, தடம் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். பயிற்சியாளர் போட்டிருந்த துணியோடு குதித்துக் கரைசேர்த்தார். அவள் இருமி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், கையிலிருந்த துண்டைப் பார்த்து, "போதும்" என்றாள்.

அதன்பின் அவள் வரவில்லை. மூட்டு வலி கூடியது. மாடிப்படி ஏறுவதும் நின்றது. நான் மட்டும் போய்வந்தேன். கேட்டவர்களிடம், "அவளுக்குப் பொறுமை கம்மி" என்று சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பலகையோடு நான் பின்னால் போன அன்று பயிற்சியாளர் என்னைக் கரைக்குக் கூப்பிட்டார். நாற்பது வயதுக்காரர், என்னிடம் பிளஸ் டூ படித்தவர்.

"கோச்சுக்காதீங்க சார். உங்க கணுக்கால் துருப்புடிச்ச கீலு மாதிரி வெறப்பா நிக்குது. பாதம் தண்ணிய பின்னால தள்ளல, முன்னால வாரிகினு வருது."

"அப்ப இன்னும் வேகமா அடிக்கணுமா?"

"ஐயோ சார்! தூரம் போறவங்களுக்கு காலு தள்றதுக்கு இல்ல. இடுப்பு முழுகாம ஒடம்ப மட்டமா வெச்சிக்கறதுக்கு. வலது கை தண்ணிக்குள்ள எறங்கறப்ப இடது கால்ல ஒரு தட்டு. இடது கை எறங்கறப்ப வலது கால்ல ஒரு தட்டு. இடுப்புலருந்து வரணும், முட்டியும் கணுக்காலும் லூசா இருக்கணும். தொடைக்கு வேல ஜாஸ்தி ஆச்சுன்னா மூச்ச பூரா அதுவே தின்னுடும். கிரிவலத்துல பாக்கலியா? கோபுரத்தாண்டயே ஓட ஆரம்பிச்சவன் பாதி வழியில, அடி அண்ணாமலையில குந்திகினு கால அமுக்கிகினு இருப்பான்."

"இதையெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?"

அவர் தரையைப் பார்த்தார். "அம்மா காலக் காட்டித்தான் சார் மத்தவங்களுக்குச் சொல்லிக்கினு இருந்தேன். நீங்க வந்து மாத்திட்டீங்க."

"அன்னிக்கே தடுத்திருக்கலாமே?"

"நீங்க எனக்கு பிசிக்ஸ் எடுத்தவரு சார். தள்ளுவிசைன்னு வேற சொன்னீங்க. எனக்குத்தான் தெரியலியோன்னு நெனச்சிட்டேன்."

அவருக்கு நான் என்ன மதிப்பெண் போட்டேன் என்று நினைவில்லை. என்ன போட்டிருந்தாலும் அது தப்பு.

வீட்டுக்குப் போனபோது அவள் முறத்தை மடியில் வைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் வரும்போதே சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்திருந்தேன். நீரின் இழுவை விசையிலிருந்து ஆரம்பித்தேன். நாலாவது வாக்கியத்தில் அவள் கை நின்றது.

"இப்ப மன்னிப்பு கேக்க வந்தீங்களா, பாடம் நடத்த வந்தீங்களா?"

"மன்னிப்புதான்."

"அப்ப அத்த மட்டும் கேளுங்க."

"உனக்கு நல்லா வந்தது. எனக்கு வரல. அந்த வயித்தெரிச்சல்ல உன்னைக் கெடுத்துட்டேன். தப்பு என்னுதுதான்."

அவள் இரண்டு கடலையை உரித்து முறத்தில் போட்டாள். பிறகு சொன்னாள்: "கோடையில எங்க கிணத்துல தண்ணி மார்பளவுதான் நிக்கும். கால ஓங்கி அடிச்சா அடியில இருக்கற சேறு கலங்கிடும், மோட்டாருல ஏறிடும். எங்கப்பா மேல நின்னு கத்துவாரு. அதனால சேறு கலங்காம கால ஆட்டக் கத்துக்கினோம். அப்படியே நாள் பூரா சுத்துவேன்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டீங்களா?"

நானும் ஒரு கடலையை எடுத்து உரித்தேன். கடைசிக் கடலையை உரித்துவிட்டு அவளே, "நாளைக்கு வரேன். ஆனா நீங்க கரையில நிக்கக் கூடாது. வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

மறுநாள் நான் பலகையோடு பக்கத்துத் தடத்தில் இறங்கி நின்றேன். அவள் சுவரை உதைத்துக் கிளம்பினாள். பின்னாலேயே நுரை கிளம்பியது. மூன்று வாரம் நான் கத்தியது அவள் காலைவிட்டுப் போகவில்லை. இரண்டாவது நீளத்திலேயே நின்றுவிட்டாள். "ஒங்க கைதட்டல் இன்னும் காதுல கேக்குதுங்க" என்றாள், இரைத்துக்கொண்டே. நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் முகத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மறுபடி கிளம்பினாள். நான்காவதில் சத்தம் குறைந்தது. ஆறாவதில், அவள் போன பின்னால் தண்ணீர் கலையாமல் மூடிக்கொண்டது. பதினொன்றாவதில் சுவரைப் பிடித்து நின்றாள். முன்பு இருபது போனவள். கிரிவலப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் பக்கம் பார்த்தாள். "இன்னா, எங்க போய்க்கினு இருக்கீங்க?"

நான் வாயைத் தொட்டுக் காட்டினேன்.

"சொல்லுங்க, பரவால்ல."

"முன்னால" என்றேன்.

"பொய்யும்மா. காலையிலருந்து அதே எடத்துலதான் இருக்காரு" என்றார் மளிகைக்கடைக்காரர்.

அவள் சிரித்தாள். சிரித்ததில் வாய்க்குள் தண்ணீர் போய் இருமினாள். இருமல் அடங்கியதும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பன்னிரண்டாவது நீளத்துக்குக் கிளம்பினாள். காது கொடுத்துக் கேட்டேன். கால் சத்தம் இல்லை.