விறகை விட மலிவு என்று சொல்லப் போனவன்

கடலைத்தொலியையும் மரத்தூளையும் மெஷினில் கொடுத்து அமுக்கி, கைப் பருமனுக்கு உருளைக் கட்டையாக்கி, "விறகை விட, காஸை விட, கரண்டை விட இதுதான் மலிவு" என்று சங்கரன்கோவிலைச் சுற்றி நாள் முழுக்கச் சொல்லித் திரிவதுதான் என் பிழைப்பு. எதையாவது விற்று வயிறு கழுவுகிற மகராசன்களே, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

சேர்ந்த மூணாவது மாசமே முதலாளி கூப்பிட்டார். "பொங்கலுக்குள்ள ஒரு பெரிய பார்ட்டியப் பிடிச்சாத்தான் ஓமக்கு இங்கன வேலை வே" என்றார். மகளை அந்த வருசந்தான் நர்சிங்கில் சேர்த்திருந்தேன். பீஸ் கட்ட வேண்டுமே என்று மறுநாளே கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

சும்மா கிடைக்கிற விறகு

மேலநீலிதநல்லூரில் செல்லத்தாய் அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறார். அவர் அடுப்புக்கு அவர் வீட்டுக்காரர்தான் தினமும் காட்டில் போய் உடைமரம் வெட்டி வருவார். "விறகு சும்மா கிடைக்குன்னு நெனைக்காதிய அக்கா. அண்ணாச்சி அந்த நேரத்துல கூலி வேலைக்குப் போனா எவ்வளவு வரும்? அதையும் சேர்த்துப் பார்த்தா எங்க கட்டதான் மலிவு" என்று மூச்சு விடாமல் பேசினேன். இப்படி ஒரு பாயிண்டு எனக்குத் தோன்றியதே என்று எனக்கே பெருமை.

அக்கா மாவை ஊற்றியபடி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"கட்டைய வாங்கிருவேன் தம்பி. காட்டுக்குப் போவலைன்னா இந்த மனுசன் பூராநாளும் கடைக்குள்ளல்லா உக்காந்திருப்பாரு! அவர எங்கன கொண்டு போட?"

சிலிண்டர் சொந்தம்

சங்கரன்கோவில் பிரியாணிக் கடைக்காரர் ஒருவர், காஸையும் எங்கள் கட்டையையும் ஒப்பிட்டு நான் எழுதிக் கொடுத்த தாளை மூன்று தடவை படித்தார். தலையாட்டினார். எனக்கு டீ சொன்னார். ஆர்டர் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"லாபந்தான், இல்லைங்கல. ஆனா சிலிண்டர் போடுதவன் எம் மச்சினன்லா. பொண்டாட்டி வீட்டுக்கு நீரா வந்து பதில் சொல்லுவேரு?"

அணைத்து வைத்த கட்டை

வாசுதேவநல்லூர்க் கல்யாண வீட்டில் சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை ஒருவர், "ஒரு வேளை எரிச்சுப் பாக்கேன்" என்று நாலு மூட்டை வாங்கினார். மத்தியானப் பந்தி வரை ஒரே பாராட்டு. புகை இல்லை, கண் எரிச்சல் இல்லை, காஸுக்கு ஆகிற செலவில் பாதிகூட இல்லை என்று போனிலேயே புகழ்ந்தார். நானும் பூரித்துப்போனேன்.

விறகு அடுப்புக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சமையல் முடிந்ததும் மிச்ச விறகைத் தண்ணீர் தெளித்து அணைத்து, காயவைத்து, அடுத்த வேளைக்கு எரிப்பார்கள். அவரும் அதே மாதிரி ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார். தண்ணீர் பட்டால் எங்கள் கட்டை அப்படியே கரைந்துவிடும். அதைச் சொல்ல இந்த மடையன் மறந்துபோனேன். ராத்திரிப் பந்திக்கு உலை வைக்கும் நேரத்தில் மறுபடி போன் வந்தது:

"ஏ அண்ணாச்சி, நீரு வித்தது விறகா, உப்புமாவா?"

பாய்லர் முன்னால்

மார்கழி முடியப் போகிறது. கடைசி நம்பிக்கை ஒரு சைசிங் மில். தறிக்குப் போகிற நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற இடம். பாய்லருக்கு லாரி லாரியாக விறகு வேண்டும். கணக்கைப் பார்த்த மில் முதலாளி சோதனைக்கு ஒரு லோடு எடுத்தார். முதல் நாள் ஸ்டீம் ஏறவில்லை. இரண்டாம் நாளும் ஏறவில்லை. "விலை கம்மிதான், எரியணுமேய்யா" என்று அவர் கைவிரித்தார். மற்ற ஊரில் எல்லாம் எரிகிற கட்டை இங்கே மட்டும் ஏன் எரிய மாட்டேன் என்கிறது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையிலேயே போய்ப் பாய்லர்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஒரு சாயாவுக்குப் பிறகு விசயம் வெளியே வந்தது. விறகு எரிந்தால் கரி மிஞ்சும். அந்தக் கரி பாய்லர்காரருக்குத்தான் என்பது அந்த மில்லில் வழிவழியான வழக்கம். அவர் அதை இஸ்திரிக் கடைகளுக்கு விற்றுக்கொள்வார். எங்கள் கட்டை எரிந்தால் மிஞ்சுவது வெறும் சாம்பல்! என் தாளில் விறகு, நிலக்கரி, காஸ், கரண்டு எல்லாம் இருந்தது. அண்ணாச்சியின் கரி இல்லை.

மில் முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கரிக்குப் பதிலாக அண்ணாச்சியின் சம்பளத்தில் ஒரு தொகை கூட்டிக் கொடுத்தார். அப்போதும் எங்கள் கட்டைதான் மலிவாக வந்தது. அன்று மத்தியானமே ஸ்டீம் கும்மென்று ஏறியது. ஆர்டர் கைக்கு வந்து, என் வேலையும் தப்பியது. கிளம்பும்போது அண்ணாச்சி ஒரு கட்டையை உள்ளே தள்ளியபடி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இத மொதல்லயே எங்கிட்ட வந்து கேட்டிருந்தேருன்னா, அன்னைக்கே நல்லா எரிஞ்சிருக்கும்லா வே!"

எது மலிவு என்று சொல்ல எனக்கு அஞ்சு நிமிசம் போதும். யாருக்கு மலிவு என்று கண்டுபிடிக்கத்தான் மார்கழி முழுக்க ஆகிவிட்டது.