சவிட்டு

பத்து வருடம் சைக்கிள் ஓட்டியவனுக்கு மோட்டார் சைக்கிள் பெரிய காரியமா என்று நினைத்தேன். எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம். நாகர்கோவிலில் இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு வந்தன.

"ரெண்டு காலும் தரையில ஊணணும் மக்கா. அதப் பாத்து எடு," என்றான் நண்பன் செல்லையன்.

நான் சத்தம் பெரிதாக இருந்ததை எடுத்தேன். நுனிவிரல்தான் தரையில் பட்டது.

மூன்றாம் நாள் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குளச்சலுக்குப் புறப்பட்டேன். இறக்கத்தில், மயிலாடியில் செதுக்கிய கல்தூண்களைக் குறுக்காக ஏற்றிய மாட்டுவண்டி முன்னால் போனது.

"சவிட்டுலே, சவிட்டு," என்றான்.

காலால் பிரேக்கை மிதிக்கச் சொன்னான். ஆனால் சைக்கிள் பந்தயத்தில் வேகமாக மிதிக்கச் சொல்வதற்கும் எங்களுக்கு அதே சொல்தான். முந்தச் சொல்கிறான் என்று கைப்பிடியை முறுக்கினேன். பக்கவாட்டில் நீட்டியிருந்த தூண், கைப்பிடிமேல் குனிந்திருந்த என்னை விட்டுவிட்டு அவன் தலையில் அடித்தது.

வண்டி தானாகத் தடுமாறியது என்று ஊரில் சொன்னேன்.

அவன் செத்த பதினாறாம் நாள், அடியந்திரச் சடங்கில் அவன் மனைவி கேட்டாள். "அவிய கடைசியா என்னமும் சொன்னாவளா அண்ணே?"

"ஒண்ணும் சொல்லல்ல," என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், அவன் எப்படிச் செத்தான் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.