வீட்டு வாசலில் பூட்டிய செனன் லைட்

கார் லைட்டில் கோளாறு என்றுதான் என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கோளாறு லைட்டில் இல்லை, கண்ணில். அது எங்கள் இரண்டு பேருக்கும் கண் கிளினிக் டொக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது என்றார் டொக்டர். முதலில் இருட்டில் தெரியாமல் போகும், பிறகு பக்கவாட்டில் தெரியாமல் போகும். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்து கிடையாது, பொழுது சாய்ந்த பிறகு கார் ஓட்டவே கூடாது என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இந்தா, இத ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அக்காவுக்குக்கூட. சத்தியம் பண்ணு.”

“சத்தியம் பண்றேன். ராவுல ஓட்ட மாட்டேன்னு நீங்க சத்தியம் பண்ணுங்க.”

“அந்த டொக்டருக்கு என்ன தெரியும்? லைட்டே போடாம ஓட்டினவன் நான்.”

அந்தக் கதை எனக்குத் தலைகீழாகத் தெரியும். நாவலப்பிட்டியிலிருந்து கண்டி மஹய்யாவவுக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டேன். எண்பத்து மூன்று கலவர நேரம் தெருவில் மூன்று குடும்பங்களை முதலாளியின் வேனில் திணித்துக்கொண்டு, ஹெட்லைட்டைப் போடாமல், எரிகிற கடைகளைச் சுற்றிக் குறுக்குப் பாதையால் கொண்டுபோய்ப் பத்திரமாகச் சேர்த்தவர் அவர். பெருமைப்பட வேண்டிய காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெருமையை இருபது வருடங்களுக்கு மேலாகக் கண்ணாடி மாதிரி மூக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தால் என்ன செய்வது?

நான் பாடசாலையில் தமிழ் படிப்பித்தேன். அவர் ஒரு பழைய ஜப்பான் காரை ஹயருக்கு, வாடகைக்கு, ஓட்டினார். ஹயர் என்றால் இருட்டிலும் ஓட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஏழு மணியாகிவிடும். அவர் வந்து சேரும் வரை எனக்கு உயிர் உயிராக இருக்காது. குழியில் விழுவார், மரத்தில் மோதுவார் என்ற பயம் இல்லை. அவர் ஓட்டுவது மாட்டுவண்டி வேகத்தில். என் பயமெல்லாம் செக் பொயின்ட்.

போர் மறுபடி மூண்டிருந்த வருடங்கள் அவை. எந்தப் பக்கம் போனாலும் ரோட்டை மறித்து இரும்புப் பெரல், பெரலுக்குப் பக்கத்தில் துவக்கு. ஆமிக்காரர் கையைக் காட்டினால் நிற்க வேண்டும். நிற்காத வாகனத்தைத் துவக்கால் சுடுவார்கள். செத்த பிறகு இந்த மனுசனுக்கு மாலைக்கண், வேண்டுமென்று செய்யவில்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை பொக்கெட்டில் இருக்கும், அதுவே பேசிவிடும்.

அதனால் முடிந்தபோதெல்லாம் நானும் ஏறிக்கொள்வேன். பெரல் வருகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் “எனக்குத் தெரியுது” என்று எரிந்து விழுவார். எனவே ஒரு வேலை செய்வேன். பெரல் கண்ணில் பட்டதும் ஹேண்ட்பேக்கின் சிப்பை ‘சர்’ரென்று இழுத்து, அடையாள அட்டையை எடுத்து மடியில் வைப்பேன். அந்தச் சத்தம் கேட்டதும் கார் மெதுவாகும். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் ஹேண்ட்பேக்கின் சிப் இரண்டு தரம் பிய்ந்து புதிது போட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் டவுனிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“செனன் லைட். இத பூட்டினா ராத்திரி பகலாயிரும்னு கடைக்கார நாநா சொன்னாரு. மஞ்ச வெளிச்சத்துல யாருக்குத்தான் கண்ணு தெரியும்? சும்மா கண்ண குத்தம் சொல்லிக்கிட்டு.”

“உங்க கண்ணுக்குப் பூட்டுறதுக்கு ஏதாவது இருக்கான்னு நாநாகிட்ட கேட்கலயா?”

கேட்டவுடனே என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவர் பெட்டியைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

கராஜில் கொடுத்துப் பூட்டலாமே என்றேன். வேண்டாம் என்றார். கராஜ்காரன் ஏன் எதற்கு என்று கேட்பான், காரை எடுத்து ஒரு ரவுண்ட் அடிப்பான், பழைய லைட் நன்றாகத்தானே இருக்கிறது என்பான். அவர் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எனக்குப் புரியாதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் காரின் பொனட்டைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்று, பெட்டிக்குள் இருந்த படத்தாளைப் பார்த்து வாசித்தேன்.

பல்பின் கண்ணாடியைக் கையால் தொடக்கூடாது, விரலின் எண்ணெய் பட்டால் வெடித்துவிடும் என்று படம் போட்டிருந்தார்கள். பல்பைச் சுற்றிப் பிடிக்க என் நல்ல கைலேஞ்சி ஒன்று போனது. லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியில் வயர் போக ஓட்டை போட்டார். சவர்க்காரக்கட்டி அளவில் இரண்டு இரும்புப் பெட்டிகள் இருந்தன. கரண்டைக் கூட்டிக் கொடுப்பது அவைதான். அவற்றைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்துத் தகட்டோடு இறுக்கினார். பழைய பல்பைப் பிடித்திருந்த கம்பிக் கொளுக்கியை விரலாலேயே தடவி, பார்க்காமலே கழற்றினார். கெட்டிக்காரர். வேலை தெரிந்த கை அது, அதில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இல்லை.

கடைசியில் பெட்டரிக்கு வயர் கொடுக்கும் நேரம் இரண்டு முனைகளையும் என் பக்கம் நீட்டினார்.

“சிவப்பு எது?”

நான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். உச்சி வெயில். இருந்தது பொனட்டின் நிழல் மட்டும்தான். அந்த நிழலிலேயே சிவப்பும் கறுப்பும் தெரியவில்லையா? எத்தனை மாதமாக இப்படி? பகல் ஹயருக்குப் போகும்போதும் இப்படித்தானா?

“இதுதாங்க” என்று சிவப்பு வயரைத் தொட்டுக் காட்டினேன்.

“எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னு கேட்டேன்” என்றார் அந்தக் கல்லுளிமங்கன்.

பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டார். முதலில் நீலமாக ஒரு மினுக்கல். பிறகு பாலை ஊற்றியது போல வெள்ளை வெளிச்சம் எதிர் மதிலில் பரந்தது. பக்கத்து வீட்டிலிருந்து “ஏய், கண்ணு கூசுதப்பா!” என்று சத்தம் வந்தது. நான் வெண்கட்டியால் மதிலில் கோடு போட்டேன், அவர் லைட்டை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கித் திருகினார். பிறகு மதிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“இந்தா டீச்சரம்மா, மதில்ல எறும்பு போகுது. தெரியுதா உனக்கு?”

தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. அதைவிட எனக்கு என்ன வேண்டும்? டொக்டர் தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்று அன்றிரவு நானும் நம்பினேன். ஊருக்குப் புத்தி சொல்கிற டீச்சர், எனக்கு எங்கே போனது புத்தி?

அடுத்த சனிக்கிழமை வத்தேகமவில் அவருடைய அக்கா வீட்டில் விசேஷம். மூன்று மணிக்கே சாப்பாடு முடிந்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம் வாங்க என்று கண்ணைக் காட்டினேன். அவர் நகர வேண்டுமே! இன்னொரு தேத்தண்ணி, இன்னொரு வெற்றிலை என்று கதிரையில் ஒட்டிக்கொண்டார். இருட்டட்டும் என்று காத்திருந்தார். புதுச் சட்டை போட்ட பிள்ளைக்குத் தெருவில் இறங்க அவசரம் இருக்குமே, அந்த மாதிரி ஒரு முகம். திட்ட மனம் வரவில்லை.

ஆறரை மணிக்குக் கிளம்பினோம். காரில் ஏறி ஹேண்ட்பேக்கை மடியில் வைத்தபோது அவர் கையை நீட்டி அதை எடுத்துப் பின் சீட்டில் போட்டார்.

“இனி நீ சிப்ப இழுக்க வேணாம்” என்றார்.

ஐயோ, இத்தனை நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லைட் நன்றாகத்தான் எரிந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. கிலோமீட்டர் கல் எழுத்தோடு தெரிந்தது. நாய் தெரிந்தது. ரோட்டோரம் நடந்த மனிதரின் செருப்புத் தெரிந்தது. இவர் ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். எதிரே வந்த வாகனங்கள் கோபத்தோடு லைட்டை அடித்து அடித்துக் காட்டின. இவர் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. திரும்பியதும் சொன்னார்:

“பெரல். மூணு இருக்கு. சிவப்பு வெள்ளை அடிச்சிருக்கு. பாத்தியா? நான்தானே மொதல்ல சொன்னேன்!”

“ஆமாங்க, நீங்கதான்” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு செக் பொயின்டை நான் பார்த்ததில்லை.

அங்கே நின்ற ஆமிக்காரர் முகத்துக்கு நேரே கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு, லைட்டை அணைக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார்.

அதுதான் சட்டம். செக் பொயின்டுக்குக் கிட்டே வந்தால் ஹெட்லைட்டை அணைக்க வேண்டும், காருக்குள் இருக்கும் லைட்டைப் போட வேண்டும். இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆயிரம் தரம் செய்திருக்கிறோம். பெரலையும் ஆமிக்காரரின் கையையும் காண்பதற்கென்றே லைட் வாங்கி, வெயிலில் நின்று பூட்டி, கோடு போட்டுத் திருத்தினோமே, அந்த இடத்தில் அதை அணைத்துவிட வேண்டும் என்பது இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்வேன்.

அணைத்தார். உள் லைட்டைப் போட்டார். முன்கண்ணாடியில் எங்கள் இரண்டு முகங்களும் தெரிந்தன.

“இப்ப எங்க நிக்கிறான்?” என்றார். குரல் சின்னதாகிவிட்டது.

“நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!”

கார் ஊர்ந்துபோய் ஒரு பெரலைத் தள்ளியது. பெரல் உருண்ட சத்தத்தோடு துவக்குகளின் ‘கிளிக்’ சத்தமும் கேட்டது. நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். கதவைத் திறந்து அவரைச் சட்டையில் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஒருவர் துவக்கை அவர் நெஞ்சில் வைத்தார். ஏன் நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று கேட்டுக் கேட்டு உலுக்கினார்கள். இவரோ கையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார். இறங்கி ஓடினேன். சத்தியமாவது மண்ணாவது!

“அவருக்குக் கண் தெரியாது, மாத்தயா! கண் தெரியாது!” என்று சிங்களத்தில் கத்தினேன்.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். “பொய். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை” என்று அவரும் சிங்களத்தில் சொன்னார்.

பொறுப்பாக இருந்த வயதான பொலிஸ் சார்ஜன்ட் கிட்டே வந்து, துவக்கை இறக்கச் சொல்லிவிட்டு, டோர்ச்சை இவர் முகத்தில் அடித்தார். “கண் தெரிந்தால் நிற்காமல் வந்தது வேண்டுமென்றுதானே? யோசித்துச் சொல்” என்றார். பிறகு, “என் கையில் எத்தனை விரல்?” என்று கேட்டார்.

“ரெண்டு” என்றார் என் வீட்டுக்காரர், உடனே.

சார்ஜன்ட் மற்றக் கையைத் தூக்கவே இல்லை. அது அவருடைய பெல்ட்டில்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சார்ஜன்ட் டோர்ச்சை அணைத்தார். இவருடைய லைசன்ஸைக் கேட்டு வாங்கி, தன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். கார் இங்கேயே நிற்கட்டும், ஓட்டத் தெரிந்த யாரையாவது காலையில் கூட்டி வாருங்கள், இவரை இனி ஓட்ட விடாதீர்கள் என்றார். பிறகு கண்டிக்குப் போகிற பஸ் ஒன்றை மறித்து எங்களை ஏற்றியும் விட்டார். நல்ல மனிதர். அதற்காக அவரை நான் வாழ்த்தவா முடியும்?

பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். சட்டை கிழிந்த மனிதரும் கலைந்த தலையோடு பொம்பளையும் செக் பொயின்டில் ஏறினால் எல்லோரும் பார்க்கத்தானே செய்வார்கள்? அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். கையைத் தொட்டேன், இழுத்துக்கொண்டார். இனி என்னோடு பேச மாட்டார் என்று நினைத்தேன். சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை, ஆனால் அப்போது அவருடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பாலம் தாண்டிய பிறகு என் பக்கம் குனிந்தார்.

“பஸ்ஸுல லைட்டு போடலயா?” என்று மெதுவாகக் கேட்டார்.

பஸ்ஸின் லைட் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. செக் பொயின்டுக்காகப் போட்டதை டிரைவர் அணைத்திருக்கவில்லை. எதிர் சீட்டில் இருந்த அம்மா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இல்லங்க, பல்பு போயிருச்சு போல” என்றேன்.

“அப்ப சரி” என்று அவர் சீட்டில் சாய்ந்துகொண்டார்.