கரண்டு நெல்லு

ரங்கன் குடிசைக்குப் பின்னால் வருசா வருசம் நெல் முளைக்கும். யாரும் விதைக்கவில்லை, நாற்று விடவில்லை. பழவேற்காட்டு ஏரித் தண்ணீர் ஏறி இறங்கி உப்புப் பூத்துக் கிடக்கிற மண் அது. கோரையே அங்கே முளைப்பதற்கு யோசிக்கும். ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், செத்துப்போன பெண்டாட்டி எல்லம்மா உரல் போட்டிருந்த இடத்தைச் சுற்றி அது பச்சைப் பசேலென்று தலை நீட்டிவிடும். ரங்கன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். பிடுங்கியதைக் காய வைத்து எரிப்பான். ஆட்டுக்குக்கூடப் போடமாட்டான். இருந்தும் கோரைக்குள் ஒளிந்துகொண்டு ஒன்றிரண்டு பால் பிடித்து, முற்றி, உதிர்ந்துவிடும். அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

"ஊரெல்லாம் சோத்துக்கு அலையுது, தானா வர்ற நெல்லப் புடுங்கிப் போடறான் பாரு" என்று ஊரில் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரங்கன் ஒருத்தருக்கும் பதில் சொன்னதில்லை. அந்த நெல்தான் தன் பெண்டாட்டியைக் கொன்றது என்று அவன் நம்பினான். கொடுத்தது தன் கை என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அவன் பிறந்தது கையால் இறால் பிடிக்கிற குடும்பத்தில். வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். எல்லம்மாவும் அப்படித்தான் இறங்குவாள். பறி வாயில் இருக்கும்போது பேச முடியாது. அதனாலேயே கரையேறியதும் சேர்த்துவைத்துப் பேசித் தீர்ப்பாள், அந்தப் பேச்சுக்கு ரங்கன் அடிமை.

எழுபத்து மூன்றில் சுப்பராயலு என்கிற விவசாய ஆராய்ச்சிக்காரர் வந்தார். திருப்பாலைவனத்துக்கும் ஏரிக்கும் நடுவில், உப்பேறிப் பாழாய்க் கிடந்த நிலத்தில் ஒரு துண்டைப் பிடித்து வரப்புக் கட்டினார். உப்புத் தண்ணீரிலும் விளைகிற நெல்லைக் கண்டுபிடிக்கப் போகிறார் என்று பேச்சு. விதைகளைப் பம்பாய்க்கு அனுப்பி, ஒரு மிஷினில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் காட்டிக் கொண்டுவந்திருந்தார். அப்படிக் காட்டினால் விதையின் குணம் மாறுமாம், ஆயிரத்தில் ஒன்று உப்பைத் தாங்குமாம். ஊர்க்காரர்கள் அதற்குக் 'கரண்டு நெல்லு' என்று பேர் வைத்தார்கள். ரங்கன் அந்த வயலுக்குக் காவல்காரன் ஆனான். நண்டையும் குருவியையும் விரட்டுகிற வேலைதான், ஆனாலும் அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சுப்பராயலு நல்ல மனுசர். ஒரே ஒரு விசயத்தில்தான் கறார். "ஒரு மணி நெல் வெளிய போகக் கூடாது ரங்கா. மாடு தின்னக் கூடாது, நீயும் தின்னக் கூடாது" என்றார். ஒவ்வொரு செடியும் எவ்வளவு விளைந்தது என்று தெரிந்தால்தான் ஆராய்ச்சி என்று காரணமும் சொன்னார். காரணம் யாருக்கு வேண்டும்? தின்னக் கூடாது என்று படித்தவர் சொன்னால் அதில் விஷம் இருக்கிறது என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். ரங்கனும் அப்படியே எடுத்துக்கொண்டான்.

அடுத்த வருசம் மழை பொய்த்தது. கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டது. ஏரி வற்றி இறால் அற்றுப்போனது. அந்த நேரம் பார்த்து எல்லம்மா செத்த பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுப் பாயோடு கிடந்தாள். பிழைப்பாளா என்று ரங்கனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறார்கள், சுப்பராயலு சாரின் சொல்லும் சேர்ந்து பறந்தது. ஒரு சாயங்காலம் மேல்துண்டு முடிச்சில் கொஞ்சம் நெல்லோடு வந்து நின்றான்.

எல்லம்மா சுவரைப் பிடித்து எழுந்து வந்து நெல்லைப் பார்த்தாள்.

"பொண்ணுக்குப் போடாத" என்றான் ரங்கன். மகள் சரோஜா அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு?"

"அது கரண்டு நெல்லு. சின்ன ஒடம்பு தாங்காது. அவளுக்குதான் இஸ்கூல்ல மத்தியானம் சோறு போடறாங்களே."

எல்லம்மா சிரித்தாள். "எனக்கு மட்டும் குடுக்கலாமாய்யா?"

"நீ பெரியவ. தாங்குவ."

அந்த அறுவடை முடியும்வரை இப்படி அவ்வப்போது கொண்டுவந்தான். எல்லம்மா அதைப் பின்னால் உரலில் குத்திப் பொங்குவாள், சிந்தியது மண்ணிலேயே கிடக்கும். தான் வயலிலேயே ஏதோ தின்றுவிட்டதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவான். இருக்கிற கொஞ்சம் அவளுக்கே ஆகட்டும் என்றுதான் போனான். அவள் செத்த பிறகு யோசித்தபோது, பயந்துதான் தின்னாமல் போனோமோ என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க ஆள் இல்லை.

எல்லம்மா தேறி எழுந்தாள், ஏரியில் இறங்கினாள். எழுபத்தொன்பதில் மார்பில் ஒரு கட்டி வந்தது. அதை யாரிடமும் காட்டாமல் ஒரு வருசத்துக்கு மேல் மறைத்தாள். உடைந்து புண்ணாகி நாற்றம் எடுத்த பிறகுதான் ரங்கனுக்குத் தெரிந்தது. மீஞ்சூர் போய் ரயிலேறி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் "கரண்டு வைக்கிறாங்க, கரண்டு வைக்கிறாங்க" என்று பேசிக்கொண்டார்கள். ரங்கனுக்கு அந்த நெல் ஞாபகம் வந்தது. எல்லம்மாவை ஒரு மிஷினுக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கனத்த கதவைச் சாத்தினார்கள். அது என்ன என்று வார்டு ஆயாவிடம் கேட்டான்.

"கண்ணுக்குத் தெரியாத ஒளி பா. கட்டிய கருக்கிடும். ஆனா நல்ல ஒடம்புல ஜாஸ்தி பட்டா அதுவே இந்த நோயக் கொண்டாந்துடுமாம். அதான் எல்லாரும் வெளிய வந்துடறாங்க."

ரங்கன் அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நீ பெரியவ, தாங்குவ. கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தவளிடம் தான் சொன்ன சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

டாக்டர் லட்சுமி அவனைத் தனியாகக் கூப்பிட்டு வேறு விதமாகக் கேட்டார். "இவங்க அம்மாவுக்கு இந்த மாதிரி இருந்ததா?"

"மாருல புண்ணு வந்துதான் போச்சி."

"கூடப் பிறந்தவங்க?"

"அக்கா முனியம்மா. அதுவும் இதேதான். சின்ன வயசு."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "சில குடும்பத்துல இது ரத்தத்தோட இறங்கி வருதுப்பா. அதைத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன். இவங்களை ஒரு வருசம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருப்பேன். உனக்குப் பொண்ணு இருக்கா?"

"இல்ல" என்றான் ரங்கன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. சுடுசட்டியிலிருந்து கை தானாக விலகுமே, அப்படி வாயில் வந்துவிட்டது. அந்த நேரம் சரோஜா பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

எல்லம்மா அந்தத் தையில் போய்ச் சேர்ந்தாள். கருமாதிக்குச் சுப்பராயலு வந்தார். சோதனை வயலை அதற்கு முன்பே மூடியிருந்தார்கள். ரங்கன் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, அந்த நெல்லைத் தின்றால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டான்.

"ஒண்ணும் ஆகாது. அந்த ஒளி வெயில் மாதிரி, பட்டுட்டுப் போயிடும், நெல்லுல தங்காது. நானே பொங்கித் தின்னிருக்கேன்" என்று சிரித்தார் அவர்.

வேறு ஒருவனாக இருந்தால் அவர் காலில் விழுந்து அழுதிருப்பான். ரங்கன் நம்ப மறுத்தான். ஏன் மறுத்தான் என்று கேட்டால், கணக்கு சுலபம். நெல்தான் கொன்றது என்றால் கொலைகாரன் அவன், ஆனால் அதைத் தின்னாத சரோஜாவுக்கு ஒன்றும் வராது. ரத்தம்தான் கொன்றது என்றால் அவன் நிரபராதி, அந்த ரத்தம் சரோஜா உடம்பில் ஓடுகிறது. பாவத்தைத் தானே வைத்துக்கொண்டான். அதை இறக்கிவைக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

பாவம் சும்மா இருக்குமா? உலை கொதிக்கிற வீட்டுப் பக்கம் போனால் அந்த நெல்லின் மண்வாடை மூக்கில் ஏறும். ஏரியில் பெண்கள் வரிசையாக இறங்கி நிற்கும்போது நடுவில் எல்லம்மா நிற்பாள், பட்டப்பகலில், பறியைப் பல்லில் கடித்தபடி, எதுவும் பேசாமல். அவள் பேசாததுதான் அவனைக் கொன்றது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கரைக்கு வந்தால் நெல் முளைத்திருக்கும், உட்கார்ந்து பிடுங்குவான்.

சரோஜா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பயிற்சி முடித்து, அதே ஊர்ப் பால்வாடியில் டீச்சராக வந்தாள். முகம் அச்சு அசல் எல்லம்மா. அவள் உடம்பில் ஒரு இருமல் வந்தாலும் ரங்கனுக்கு உயிர் போய் உயிர் வரும். அவள் தின்னலை, அவள் தின்னலை என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். அந்த ஒரு சொல்லில்தான் அவன் தூங்கினான், எழுந்தான்.

எண்பத்தாறு ஐப்பசியில் ஒரு ஜீப் பால்வாடி முன்னால் வந்து நின்றது. டாக்டர் லட்சுமி இறங்கினார், முடி நரைத்திருந்தது. ரங்கன் வீடு எது என்று டீச்சரிடமே கேட்டார். சரோஜா குடிசையைக் கைகாட்டிவிட்டு, பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேலிக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"முனியம்மா பக்கம் எல்லாம் பையன்கதான்னு சொல்றாங்க. உன் பக்கமும் பொண்ணு இல்லைன்னு அன்னிக்குச் சொன்னே. ஊர்ல ஒருவாட்டி நேர்ல கேட்டுடலாம்னு வந்தேன். பொண்ணு இருந்தா ரத்தம் எடுத்துப் பாக்கறது என் ஆராய்ச்சிக்கு. அவளுக்கு நல்லது எதுன்னா, வருசா வருசம் மார்பைச் சோதிச்சுக்கணும். கட்டி சின்னதா இருக்கும்போதே பிடிச்சா உயிர் தப்பும். நிஜமாவே யாரும் இல்லையாப்பா?"

ரங்கன் கையில் பிடுங்கிய நெற்பயிர் இருந்தது. "எனக்குப் பொண்ணு கிடையாது மா" என்றான்.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். சரோஜா வேலியைத் தாண்டி வந்தாள்.

"அப்ப நான் யாரு நைனா?"

ரங்கனுக்கு மடை உடைந்தது. "உனக்கு ஒண்ணும் வராது கண்ணு. அவங்க சொல்ற மாதிரி ரத்தமில்ல. உங்கம்மாவ நான்தான் கொன்னுட்டேன். பஞ்சத்துல அந்தக் கரண்டு நெல்லத் திருடியாந்து நான்தான் தின்னக் குடுத்தேன். அவ தின்னா, செத்தா. உனக்குப் போட வேணாம்னு சொன்னேன். நீ தின்னல. அதான் உனக்கு வராது."

இத்தனை வருசமாய் இவன் பிடுங்கியது எதை என்று சரோஜாவுக்கு இப்போதுதான் புரிந்தது. அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் மனசிலிருக்கிற பாரத்தை இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

"நைனா, அம்மா அத்த ஒரு பருக்க கூடத் தின்னல."

"இன்னா சொல்றே?"

"நீ வெளிய போனதும் என்னக் கூப்ட்டு மடியில வச்சி எல்லாத்தியும் எனக்கே ஊட்டுச்சி. நீ தின்னலியான்னு கேப்பேன். எனக்கு வவுறு ரொம்பிடிச்சின்னு தண்ணியக் குடிக்கும். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சி சத்தியம் வாங்கிச்சி. தின்னதெல்லாம் நான். எனக்கு இன்னா ஆச்சி? நல்லாதானே கீறேன். உன் நெல்லு யாரையும் கொல்லல. அழுவாத நைனா."

ரங்கன் அழவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தின்றவள் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள், தின்னாதவள் செத்துப்போயிருந்தாள். அப்படியென்றால் நெல் இல்லை. இத்தனை வருசம் மகளைச் சுற்றித் தான் கட்டிவைத்திருந்த வேலியை, பாவம், அந்தப் பெண்ணே தன் கையால் பிடுங்கிப் போட்டுவிட்டாள். அது அவளுக்குத் தெரியவும் இல்லை. அப்பனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பால்வாடிப் பக்கம் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ரங்கன் பயிரைக் கீழே போட்டான். சரோஜாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கோரையை மிதித்து, சேற்றை மிதித்து ஓடினான். "இன்னா நைனா, இன்னா ஆச்சி?" என்று அவள் கேட்டது அவன் காதில் விழவில்லை. பால்வாடிப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். திரும்பிக்கொண்டிருந்த ஜீப்பின் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றான். டாக்டரம்மா பதறிப்போய்த் தலையை வெளியே நீட்டினார்.

"பொய் சொல்ட்டேன், டாக்டரம்மா" என்றான் ரங்கன், மூச்சு வாங்க. "எனக்கு ஒரு பொண்ணு கீறா."