கதவின் உள்பக்கம்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில், உள்ளே நின்று திரும்பினால் முழங்கை இடிக்கும் அளவுக்குச் சின்னதாக ஒரு கடை இருக்கிறது. சாவி வெட்டும் இயந்திரம், ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள், உட்கார ஒரு முக்காலி. நடத்துகிறவரை ஊரே சாவியக்கா என்றுதான் கூப்பிடுகிறது.

சாவியைத் தொலைத்தவர்கள் அவரைத் தேடி வருவதற்குக் கை வேகம் மட்டும் காரணமல்ல. அவருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. பூட்டு திறந்துகொண்டதும் கதவைத் தள்ளமாட்டார். திரும்பித் தெருவைப் பார்த்து நின்றுவிடுவார். "உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எதுக்கு? என் வேலை வாசலோட முடிஞ்சுபோச்சு" என்பார். அதேபோல, யார் வீட்டுச் சாவிக்கும் நகல் வைத்துக்கொள்ளமாட்டார். வெளியூர் போகிறவர்கள், "ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டுமேக்கா" என்று கெஞ்சினாலும் நடக்காது. எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் சந்தேகப்பட வசதியான ஆள் பூட்டுக்காரர்தான் என்பது அவருக்குத் தெரியும்.

பேருந்து ஓட்டும் கணவருக்கு இதில் ஒரு குறை.

"ஊரார் வீட்டைத் திரும்பி நின்னு திறக்குற. என் சட்டைப் பையை மட்டும் நேரா நின்னு பாக்குற."

"அது பூட்டாத பை."

மழை விட்டிருந்த ஒரு காலையில், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து கூப்பிட்டார். அவர் வீட்டின் பின்பக்க அறைக்கு வெளிப்புறமாகத் தாழ்ப்பாள் வைத்துப் பூட்டுப் போட வேண்டும். கெட்டியான பூட்டாக இருக்க வேண்டும்.

"சாமான் போட்டு வைக்கிற அறையா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்."

அறைக் கதவு சாத்தியிருந்தது. அக்கா பென்சிலால் குறித்துக்கொண்டு துளை போட ஆரம்பித்தார். துளைக்கும் கம்பி கதவைத் தாண்டி மறுபக்கம் எட்டியபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"மெதுவா. கையில பட்டுடப் போகுது."

அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். மருந்துக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார்.

"அப்பா" என்றார். "மறதி. போன மாசம் நடந்தே பெரிய ரோட்டுக்குப் போயிட்டார். லாரிக்காரன் பிரேக் போடலைன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். இதுவரைக்கும் கதவைக் கயிறு போட்டுக் கட்டிட்டுப் போனேன். அதையும் உலுக்கி உலுக்கி அவுத்துடுறார். வேலைக்குப் போகாம இருந்தா ரெண்டு பேருக்கும் சாப்பாடு ஏது? நீங்களே சொல்லுங்க, பூட்டாம என்ன பண்ணட்டும்?"

அந்த மனிதர் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் என்பது கண்ணிலேயே தெரிந்தது. திருகாணிகளை இறுக்கினார். கூலியை வாங்கிக்கொண்டு, வழக்கம்போலத் திரும்பித் தெருப்பக்கம் பார்த்து நின்றார். பின்னால் புதுப் பூட்டு விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம். கோபமாக இல்லை, விருந்தாளி தட்டுவதுபோல.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார்.

"சட்டப்படி தப்பா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"தெரியலை. தப்பில்லைன்னே வெச்சுக்கோங்க. சட்டத்துல தப்பில்லைங்கிறதுக்காக எல்லாம் சரியாயிடுமா? திருடனைக்கூட, நீ என்ன சொல்றேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் உள்ள போடுறாங்க."

"பூட்டினது அவர் மகன். நீ பூட்டை மாட்டிக் கொடுத்தே, அவ்வளவுதான்."

"நான் பஸ்ஸை மோதலை, பிரேக்கை மட்டும்தான் கழட்டினேன்னு ஒருத்தன் சொன்னா விட்டுடுவீங்களா?"

ஓட்டுநர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். "காலையில சீக்கிரமே போயிடு. அந்த ஆள் வேலைக்குக் கிளம்புறதுக்குள்ள."

அக்கா போனபோது பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"தட்டுற சத்தம் எங்களுக்கும் கேக்கும்க்கா. மெஷினை ஓட்டினா கேக்காது. அடுத்தவங்க வீட்டு விவகாரம், நமக்கு எதுக்கு வம்புன்னு ஓட்டிக்கிட்டே இருப்பேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வாசலோடு முடிந்துபோச்சு என்று தான் இத்தனை காலம் பெருமையாகச் சொல்லிவந்ததும் ஏறக்குறைய இதேதான்.

மகனுக்கு அவரைப் பார்த்ததும் எரிச்சல். "வேலை முடிஞ்சுது, கூலியும் வாங்கிட்டீங்க. இன்னும் என்ன?"

"ஒரு கேள்வி கேக்காம விட்டுட்டேன். உங்ககிட்ட இல்லை, அவர்கிட்ட."

"நேத்து சாப்பிட்டதே அவருக்கு ஞாபகம் இருக்காது. என்னத்தைக் கேப்பீங்க?"

"கேட்டுத்தான் பாக்கணும்."

மகன் பூட்டைத் திறந்தார். இந்த முறை அக்கா திரும்பி நிற்கவில்லை. கட்டில், கம்பி போட்ட ஜன்னல், தண்ணீர் பாட்டில். நாற்காலி ஜன்னலோரம் இல்லை. கதவுக்கு மிக அருகில் கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெரியவர் அக்காவின் கையைப் பார்த்தார்.

"பட்டுடலையே?"

மகன் சட்டென்று நிமிர்ந்தார்.

"இல்லைங்க ஐயா" என்றார் அக்கா. "உங்களை உள்ள வெச்சுப் பூட்டுறதுக்கு நான்தான் தாழ்ப்பாள் போட்டேன். உங்களை ஒரு வார்த்தை கேக்கலை. இப்பக் கேக்குறேன்."

பெரியவர் யோசித்தார். "வெளிய போனா வழி மறந்துடுது. அவன் பயப்படுறது நியாயம்தான். பூட்டட்டும். ஆனா சொல்லிட்டுப் பூட்டச் சொல்லும்மா. தூங்கி எந்திரிச்சா கதவு திறக்க மாட்டேங்குது. நான் என்ன தப்பு பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகம் வரலை. தட்டிக் கேட்டாலும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

மகன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நீ ஒரு தப்பும் பண்ணலைப்பா."

"அப்படியா" என்றார் பெரியவர். "சரி."

அன்றே தாழ்ப்பாள் அறையிலிருந்து கழன்றது. வாசல் கதவுக்கு வேறு பூட்டு வந்தது. வீடு முழுக்கவும் பின்பக்க முற்றமும் பெரியவருக்குத் திறந்துவிடப்பட்டன. தீப்பிடித்தால், விழுந்துவிட்டால், திறக்க ஆள் வேண்டுமே. தையல்காரப் பெண் கொஞ்சம் தயங்கி ஒரு சாவியை வாங்கிக்கொண்டார். "அவங்க ஊருக்குப் போயிட்டா?" என்று மகன் கேட்டதும், அக்கா இன்னொன்று வெட்டித் தன் கடை ஆணியில் மாட்டினார்.

"நகல் வைக்க மாட்டேன்னு சொன்னது என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"அது எனக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு நான் வெச்சுக்கிட்டது. அதைவிட இது பெருசு."

இப்போதும் பூட்டைத் திறந்ததும் அக்கா தெருவைப் பார்த்துத்தான் நிற்கிறார். ஆனால் எந்த வீட்டில் பூட்டு மாட்டப் போனாலும் முதலில் கதவைத் தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்கிறார். பீரோவுக்குப் பூட்டு மாற்றும்போதும் வாய் தவறிக் கேட்டுவிட்டாராம். கணவர் அதை டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் மருந்துக்கடைக்காரரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, தினமும் 'அப்பா, பூட்டட்டுமா'ன்னு கேட்டுட்டுத்தான் பூட்டுறேன். 'ம், பூட்டு'ன்னு சொல்லுவார். இன்னைக்கு வேணாங்கிறார். கடை திறக்குற நேரம் ஆச்சு. என்ன பண்றது?"

"வேணாம்னு சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார்."

"அப்பப் பூட்டாதீங்க. நான் வரேன்."

அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். வெட்டிக்கொண்டிருந்த சாவி பாதியில் நின்றது. அதற்காகக் காத்திருந்தவரிடம் மத்தியானம் வரச் சொல்லிவிட்டு, தன் கடையைப் பூட்டிக்கொண்டு நடந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது வாசல் கதவு முழுதாகத் திறந்திருந்தது. பெரியவர் நாற்காலியை வாசலிலேயே போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா படியில் உட்கார்ந்து, மகனைக் கடைக்குக் கிளம்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தையல்காரப் பெண்ணும் கையில் ஊசிவேலையோடு வந்து சேர்ந்தார்.